முறை வைத்துப் பார்த்த அரசாங்கம்

செல்வலட்சுமியின் விடைத்தாளைத் திருத்தும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'ஆரம்பக் காலத்தில் அமெரிக்க மத்திய அரசு ஏன் வலுவில்லாமல் இருந்தது?' என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் கைடில் இருந்ததை மனப்பாடம் செய்து கொட்டி வைத்திருந்தார்கள். இவள் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'அந்த அரசைப் பதிமூன்று மாநிலங்களும் முறை வைத்துப் பார்த்தன. அதற்குச் சொந்த வருமானம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்கும். கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சொந்த வீடும் கிடையாது. ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது.'

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விருதுநகரில் என்னிடம் அரசியல் அறிவியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 'முறை வைத்து' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். இழுத்த பிறகு பேனா நகரவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டேன்.

அவள் பயந்துபோனாள். "தப்பா மேம்? எங்க தாத்தாவ அப்படித்தான் பாக்காக. எங்க வீட்டுல ஒரு மாசம், பெரியப்பா வீட்டுல ஒரு மாசம், சித்தப்பா வீட்டுல ஒரு மாசம். ஒரு பீடி வேணும்னாலும் யாரு முறையோ அவுககிட்டதான் கேக்கணும். நீங்க பாடம் நடத்துனப்ப எனக்கு தாத்தா ஞாபகந்தான் வந்துச்சு."

அவள் அச்சங்குளத்துப் பெண். அப்பா அம்மா இருவரும் பட்டாசு ஆலையில் வேலை. தப்பில்லை என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டு அனுப்பினேன்.  வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். நான் நடத்துவது என் அம்மாவின் கதை என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா பெரியண்ணன் வீட்டிலிருந்து சின்னண்ணன் வீட்டுக்குப் பெட்டி மாற்ற வேண்டிய நாள்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கருமாதிப் பந்தி முடிந்து இலை எடுத்த கையோடு என் உடன்பிறந்தவர்கள் மூவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். ஆளுக்கு நாலு மாதம். பெரியண்ணன் சண்முகவேலுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை, வீடு சிவகாசியில். சின்னண்ணன் ராஜபாண்டியனுக்குச் சிவகாசியிலேயே ஆப்செட் பிரஸ். தம்பி ஹரிஷ்குமாருக்குச் சாத்தூரில் பைபாஸ் ஓரம் பட்டாசுக் கடை. என்னை யாரும் கேட்கவில்லை. நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் வீடு இந்தக் கணக்கில் வராது. சொத்துக்கள் மூன்று பேர் பெயருக்கும் மாறியபோது, எனக்கு எதுவும் வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவும் போட்டாள். குடியிருந்த வீட்டை விற்றாயிற்று.

என் அண்ணன் தம்பிகளை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மூன்று பேருமே அம்மா பிள்ளைகள். பெரியண்ணன் அம்மா அறைக்கு ஏ.சி. போட்டார். அம்மாவுக்கு ஏ.சி. ஆகாது. சின்னண்ணன் வீட்டில் சர்க்கரை இல்லாத காப்பி. தம்பி வீட்டில் எந்நேரமும் டி.வி., ஆனால் அது அவன் பிள்ளைகளின் டி.வி. ஒவ்வொரு வீட்டிலும் காப்பித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று அம்மா பழகும்போது முறை முடிந்துவிடும்.

அம்மாவின் பெயர் ஞானசுந்தரி. முப்பது வருடம் அப்பாவின் லேபிள் ஆபீசை நடத்தியவள் அவள்தான். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளுக்கு எந்தப் படம், என்ன நிறம் என்பதெல்லாம் அவள் தீர்ப்பு. அப்பா காகிதத்தை நீட்டி "ஞானம், இது ஓடுமா?" என்பார். அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "மயிலுக்குக் கண்ணு சரியில்ல" என்பாள். அன்றைக்கு மெஷின் நிற்கும். சாமி படம் போட்ட லேபிளை மட்டும் எவ்வளவு பெரிய கம்பெனி கேட்டாலும் தர மாட்டாள். வெடித்த காகிதம் காலில் மிதிபடும் என்பாள். அப்படிப்பட்டவள் இப்போது டி.வி. சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கம் பார்க்கிறாள். 

ஆவணியில் ஒன்று நடந்தது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி வீட்டில் கல்யாணம். மாமா மகன் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க பெரியண்ணன் வீட்டுக்கு வந்தான். அப்போது அம்மா அங்கேதான் இருந்தாள். அவன் அண்ணனையும் மதினியையும் சேர்த்து நிற்கச் சொல்லிப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த அம்மாவிடம், "அத்தை, நீங்களும் வந்துருங்க" என்றான். மற்ற இரண்டு வீட்டிலும் சின்னண்ணனுக்கும் தம்பிக்கும்தான் பத்திரிகை. வீட்டுக்கு ஒரு பத்திரிகை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவுக்கு வீடு இல்லை. ஆகவே பத்திரிகை இல்லை. அண்ணன் அங்கேயே நின்றிருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காப்பி சாப்பிட்டுப் போ மாப்ளே" என்று சொன்னதோடு சரி.

அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. முட்டு வலி என்றாள். போனில் என்னிடம் மட்டும், "யாரு வீட்டு ஆளுன்னு போய் நிக்க?" என்று கேட்டாள். நான் அழுதேன்.

செல்வலட்சுமியோடு பேசிய அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். அம்மா என்னோடு வந்துவிட வேண்டும். எங்கள் மாடியில் ஓர் அறை இருக்கிறது. வெள்ளையடித்தேன். ஜன்னலுக்கு வலை போட்டேன். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். என் வீட்டுக்காரர் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். "வருவாகளா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அம்மா என் வீட்டுக்கு வந்தால் ஒரு காப்பியோடு கிளம்பிவிடுவாள். மகள் வீட்டில் இரவு தங்கினால் மருமகன் முன்னால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவள் எண்ணம். "வர வைக்கிறேன் பாருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினோம். முறை மாறும் நாளில் அங்கே கறிச்சோறு உண்டு. தீபாவளி முடிந்த சமயம். பட்டாசு ஆட்கள் ஓய்ந்திருந்தார்கள். சின்னண்ணனுக்கு மட்டும் காலண்டர் சீசன். சாப்பிடும்போதும் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் பெட்டி கூடத்தில் தயாராக நின்றது. நான் அதையே பார்த்தபடி கை கழுவிவிட்டு வந்தேன்.

"பெரியண்ணே, அமெரிக்காவுல ஒரு கதை நடந்துச்சு, கேக்கீகளா?" என்றேன்.

"வாத்தியாரம்மா பெல் அடிச்சுட்டாக" என்றான் ஹரிஷ்.

"கேளுலே. வெள்ளைக்கார ராஜாவோட சண்டை போட்டு சுதந்திரம் வாங்குன புதுசு. பதிமூணு மாநிலம். ஆளாளுக்கு ராஜாங்கம். பொதுவா நடுவுல ஒரு காங்கிரஸ்."

"நம்ம காங்கிரஸா?"

"அவுக காங்கிரஸ். பேருதான் பெருசு. சொந்தமா வரி போட முடியாது. மாநிலங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிடணும். முக்கியமான விதியை மாத்தணும்னா பதிமூணு பேரும் சரின்னு சொல்லணும். ஒருத்தர் முடியாதுன்னாலும் போச்சு. அந்தக் காங்கிரஸ் பிலடெல்பியான்னு ஒரு ஊருல கூடி இருந்தப்ப, சம்பளம் வராத பட்டாளத்துக்காரக துப்பாக்கியோட வந்து கட்டடத்தைச் சுத்தி நின்னுட்டாக. காங்கிரசுக்குன்னு ஒரு காவக்காரன் கிடையாது. இடம் குடுத்த மாநிலத்துகிட்ட, உங்க ஆளை அனுப்புங்கன்னு கேட்டாக. அவுக அனுப்பல. அம்புட்டுதான். பெட்டியைத் தூக்கிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிட்டாக. அங்கன கொஞ்ச நாளு, அதுக்கு அடுத்த ஊருல கொஞ்ச நாளு."

பெரியண்ணன் மடையர் இல்லை. அவர் பார்வை பெட்டிக்குப் போய்த் திரும்பியது. "என்ன சொல்ல வாற பாப்பா?"

"மாமா மகன் பத்திரிகை வச்ச அன்னைக்கு நீங்களும் ஆளை அனுப்பலண்ணே."

 அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. பெரிய மதினி தண்ணீர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு எங்களுக்குத் தோணாமப் போச்சு" என்றார். அவர் சொன்னது நிஜம். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"அதுக்கென்ன, இன்னையிலருந்து என் முறைதான்" என்றார் சின்னண்ணன். "இனிமே வாற பத்திரிகையெல்லாம் எங்க வீட்டுல வந்து அம்மா கையில குடுக்கச் சொல்லிருதேன்."

"அப்புறம் நாலு மாசம் கழிச்சு வாற பத்திரிகைக்கு?"

 நான் விடவில்லை. இப்படியே போனால் பதிமூன்றும் பதிமூன்று திசைக்குச் சிதறிவிடும் என்று பயந்து அவர்கள் மறுபடி கூடியதையும், எல்லாவற்றையும் புதிதாக எழுதியதையும் சொன்னேன். "தனித்தனியா செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யத்தான் நடுவுல ஒண்ணு வேணும்னாக. அதுக்கு யாருகிட்டயும் கை நீட்டாம சொந்த வருமானம். அப்புறம் சொந்தமா ஒரு இடம். எந்த மாநிலத்துக்கும் சேராத இடம்."

பெரிய மதினிதான் இடைமறித்தார். "இடமும் குடுத்து வருமானமும் குடுத்துட்டா, அதுவே ராஜாவா ஆயிராதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் காத்திருப்பேன். யாரும் கேட்க மாட்டார்கள். மதினி கேட்டதும் எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் பாடத்துக்காகக் கேட்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பா இருந்த காலத்தில் அம்மாவின் ஆட்சி சாதாரண ஆட்சியா? மூன்று வீட்டிலும் என்ன குழம்பு கொதிக்கிறது என்று காலையிலேயே போன் வந்துவிடும். உப்பு எவ்வளவு என்பது வரை உத்தரவு வரும். மதினி அந்த ராஜாங்கத்தில் இருபது வருடம் குடிமகளாக இருந்தவர்.

"அதே பயந்தான் மதினி அவுகளுக்கும்" என்றேன். "ராஜாகிட்ட பட்டது போதும்னு இருந்தாக. அதனால நீ இன்னின்னதுதான் செய்யலாம்னு எண்ணிக் குடுத்தாக. மிச்சமெல்லாம் அந்தந்த மாநிலத்துக்கு. நடு அரசாங்கத்தையும் மூணாப் பிரிச்சு, ஒண்ணு எல்லை மீறுனா இன்னொண்ணு பிடிச்சு நிறுத்துற மாதிரி வச்சாக."

அம்மா அதுவரை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"ஏத்தா, அந்த எடத்தைக் குடுத்தது யாரு?"

"பக்கத்துல இருந்த ரெண்டு மாநிலம்மா. தங்களோட எடத்துல ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக் குடுத்தாக."

"குடுத்த பெறகு அவுக அதுல மூக்கை நுழைக்கலாமா?"

"கூடாது."

"எம்புட்டு எடம்?"

"பத்து மைலுக்குப் பத்து மைல்."

"எனக்கு அம்புட்டு வேண்டாம்" என்றாள் அம்மா.

ஹரிஷ் சிரித்துவிட்டான். எனக்கும் வாயெல்லாம் பல். கனி பழுத்து மடியில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். "அதைத்தாம்மா நானும் சொல்றேன். மூணு பேரு வீடும் இல்லாத இடம் ஒண்ணு இருக்கு. விருதுநகருக்கு வா. என்கூட இரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் என்ன, மாநிலம் இல்லையா?"

"நாந்தான் உங்க கணக்குலயே இல்லையே!" என்று கத்திவிட்டேன். இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது அப்படி வெளியே வந்தது.  பாயசம் ஊற்றிய கரண்டி இன்னும் கையிலேயே இருப்பதுபோல் இருந்தது.

"கணக்குல இல்லாதவதான் மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு, பிடிக்கக் கம்பியும் வச்சிருக்கியாக்கும். மாப்பிள்ளை போன்ல சொன்னாக." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "உன் மனசு எனக்குத் தெரியாதா தாயி? ஆனா அங்கன வந்தாலும் நான் விருந்தாளிதான். இவனுக மூணு முறை, நீ நாலாவது முறை. உன் மாமியா வீட்டுச் சொந்தக்காரக வந்தா நான் எந்திரிச்சு உள்ள போகணும். யாருக்கும் சேராத எடம்னு நீதானே சொன்ன?"

நான் நடத்திய பாடத்தில் நானே தோற்றுப்போனேன்.  

"உங்கப்பாவோட பழைய லேபிள் ஆபீஸ் மாடியைக் குடுங்க" என்றாள் அம்மா, மகன்களைப் பார்த்து. "ரெண்டு ரூம் இருக்கு. டீ போடுற அடுப்படி இருக்கு. கீழ இருக்குற கடை வாடகை நேரா என் கைக்கு வரட்டும். மாசாமாசம் உங்ககிட்ட கேட்டு வாங்குறது எனக்குப் பிடிக்கல."

பெரியண்ணன் உடனே தலையாட்டினார். பத்திரிகை விஷயம் அவரை அறுத்துக்கொண்டிருந்தது. ஹரிஷும் சரி என்றான். சின்னண்ணன்தான் ஒற்றைக்காலில் நின்றார். அந்த மாடி முழுக்க அவருடைய காலண்டர் பேப்பர் அடுக்கியிருந்தது. "முடியாதும்மா. சீசன் நேரத்துல இம்புட்டு லோடை நான் எங்கன கொண்டுபோய் இறக்க?" என்றார். கட்டடம் மூன்று பேர் பெயரிலும் இருந்தது. ஒருவர் முடியாது என்றால் முடியாது. வகுப்பில் இந்த இடம் வரும்போது, முடியாது என்று தனியாக நின்ற ஒரு சின்ன மாநிலத்தின் பெயரைச் சொல்வேன். அன்றைக்கு அதன் பெயர் ராஜபாண்டியன்.

அண்ணன் சொல்லிப் பார்த்தார். தம்பி சொல்லிப் பார்த்தான். பெரியண்ணன் தன் ஆலையில் ஒரு ஷெட் ஒதுக்குவதாகக்கூடச் சொன்னார். "பட்டாசு ஆலையில பேப்பரை வைக்கச் சொல்றீகளே, நல்லா இருக்கீகளா?" என்று சின்னண்ணன் சீறினார்.

அம்மா அவரைக் கூர்ந்து பார்த்தாள். "ஏலே ராசா, பேப்பர்தான் காரணமா?"

சின்னண்ணன் தரையைப் பார்த்தார். ஐம்பது வயது ஆள். மீசை நரைத்தாயிற்று. "எட்டு மாசமா காத்துக் கெடக்கேம்மா" என்றார் மெதுவாக. "பெரியவன் முறை முடியட்டும், முடியட்டும்னு. உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன். என் முறை வாற அன்னைக்குப் போய் இப்படிச் சொல்றியே." கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

எனக்கு அவரைத் திட்டுவதற்காக வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துவிட்டது. அம்மா நகர்ந்து போய் அவர் முழங்கால் மேல் கையை வைத்தாள்.

"எட்டு மாசம் ஏண்டா காத்துக் கெடக்கணும்? உன் பிரஸ்ஸுல இருந்து நாலு எட்டு வச்சா லேபிள் ஆபீஸ். தெனம் வா. காப்பி போட்டுத் தாரேன். சீனி போட்டு."

"சீனி போட்டா என் பொண்டாட்டி வைவா."

"அது என் வீடு. அங்கன அவ வைய முடியாது."

கூடமே சிரித்தது. சின்னண்ணனும் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சரிம்மா. ஆனா பேப்பர்?" என்றார். அவருக்கு அது நிஜமான கவலையும்தான்.

"என் மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றேன் வெடுக்கென்று. "அங்கன கொண்டாந்து இறக்குங்க. வெள்ளையடிச்சது வீணாப் போக வேண்டாம்." கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்குத் தெரியாது.

அதற்குள் பெரிய மதினி விஷயத்துக்கு வந்துவிட்டார். "அத்தை, எல்லாஞ் சரி. எண்ணிக் குடுத்தாகன்னு ஸ்ரீமதி சொன்னாள்ல, அதையும் பேசிருவோம்."

"கேளு" என்றாள் அம்மா.

"எங்க அடுப்புல என்ன கொதிக்குதுன்னு கேக்கக் கூடாது."

"கேக்கல."

"பிள்ளைக என்ன படிக்கணும், என்ன உடுத்தணும்னு சொல்லக் கூடாது."

அம்மா இதற்குக் கொஞ்சம் யோசித்தாள். "கேட்டா சொல்லுவேன். கேக்காமச் சொல்ல மாட்டேன்."

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான் ஹரிஷ்.

"பொங்கலுக்கு எல்லாரும் என் வீட்டுல கூடணும். குலசாமி கும்பிட நாளு நான் குறிப்பேன். நீங்க மூணு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் மொகம் பாக்காம சண்டை போட்டா, என் முன்னால வந்து உக்காந்துதான் தீக்கணும். வேற எதுலயும் நான் தலையிடல. ஆனா என் கதவைத் தட்டிட்டு வரணும். எவனா இருந்தாலும்."

எழுதிக்கொள்ளலாமா என்று ஹரிஷ் விளையாட்டாகக் கேட்டான். அம்மா அவனை முறைத்தாள். இந்த வீட்டில் அம்மா சொன்னால் சொன்னதுதான். மதினியின் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. அன்றைக்கு அம்மாவின் பெட்டி சின்னண்ணன் வீட்டுக்குத்தான் போனது. புது மெத்தைக்காக, மாடி தயாராகும்வரை அங்கே இருந்தாள். மார்கழி பிறப்பதற்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். கட்டடத்தையும் அம்மா பெயருக்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் பால் காய்ச்சப் போனேன். சிரித்தேன், பரிமாறினேன், சாயங்காலமே கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம், பொங்கலுக்குக்கூட, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செமஸ்டர், வினாத்தாள் என்று போனில் சாக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கு வலித்தது. அம்மா என்னோடு வந்து இருப்பாள், காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நிற்பாள் என்றெல்லாம் ஆசைப்பட்டுவிட்டேன். அந்த அறையில் இப்போது காலண்டர் பேப்பர் கூரை வரை அடுக்கியிருந்தது. மாடிக்கு ஏறும்போதெல்லாம் மை வாசனை அடித்தது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடைத்தாள் திருத்த சிவகாசிக் கல்லூரி ஒன்றில் கூப்பிட்டார்கள். வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பஸ் ஏறப் போனவள் பாதி வழியில் திரும்பி லேபிள் ஆபீஸ் படியேறினேன். உள்ளே டி.வி. தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன்.

"யாரது? ஏத்தா, நீயா? வா, வா. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். போனதும் என் கை சும்மா இருக்கவில்லை. அலமாரியில் டப்பாக்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தேன். திரைச்சீலை இந்த நிறத்திலா போடுவது என்று கேட்டேன்.

"வச்சது வச்ச எடத்துல இருக்கட்டும்" என்றாள் அம்மா. "இங்கன நீ ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். உக்காரு."

தோசை வார்த்தாள். வெங்காயச் சட்னி அரைத்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது தோசை வந்தது. நான்காவதும் வந்தது. அண்ணன்கள் வீட்டில் இரண்டாவதோடு கையை மறிப்பேன். மதினிமார்கள் அன்பாகத்தான் போடுவார்கள். ஆனாலும் மறிக்க வேண்டும், அது ஒரு மரியாதை. இங்கே ஐந்தாவது கேட்டு வாங்கினேன். பிறகு அம்மாவின் பழைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே வெறுந்தரையில் காலை அகட்டிப் படுத்தேன். அண்ணன்கள் வீட்டில் நான் பகலில் படுத்ததே இல்லை. யாராவது வந்துவிடுவார்கள் என்று முதுகை நிமிர்த்தி சோபாவில் உட்கார்ந்தே இருப்பேன். அம்மா டி.வி.யைக் குறைக்கவில்லை. அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன்.

போன் அடித்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர்தான் பேசினார்.

"எங்க இருக்க? பஸ் ஏறிட்டியா? சின்ன மச்சான் வீட்டுலயா?"

இல்லை என்றேன்.  அப்பா போன அன்றைக்கு எனக்கு அப்பா மட்டும் போகவில்லை, போய் வர இருந்த வீடும் போய்விட்டது. இரண்டு வருடமாக யார் கேட்டாலும் பெரியண்ணன் வீடு, சின்னண்ணன் வீடு, தம்பி வீடு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால் சாகும்வரை அப்படித்தான் சொல்லியிருப்பேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, இங்கேயே இரு என்று கையைக் காட்டினாள்.

"எங்க அம்மா வீட்டுல இருக்கேன்" என்றேன். "ரெண்டு நாளு கழிச்சு வாரேன்."